முதுகோடு முதுகாகக் கிடந்த குழந்தை

எட்டாம் மாதம் முடியும்போது என் வயிற்றில் தொப்புளைச் சுற்றி ஒரு பள்ளம் விழுந்திருந்தது. நான் தையல் வேலை செய்பவள். நாள் முழுக்க இன்ச் டேப்பும் கையுமாக அடுத்தவர் உடம்பின் மேடு பள்ளத்தைப் பார்க்கிறவள் என்பதால் அது சட்டென்று கண்ணில் பட்டது. மற்றவர்களுக்கு அந்த மாதத்தில் வயிறு பூசணிக்காய் மாதிரி உருண்டு நிற்கும். எனக்கோ நடுவில் தட்டையாகி, நைட்டித் துணி அந்த இடத்தில் உள்ளே மடிந்து விழுந்தது. குழந்தை உதைப்பதும் முன்பக்கமாகவே இருந்தது. தொப்புளுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று மீன் துள்ளுவது போலச் சின்னச் சின்னத் துள்ளல். அத்தை பார்த்துவிட்டு, "வயிறு ஒட்டியிருக்கு, ஆம்பளப் பிள்ளைதான்" என்றார்.

அது 2015. பிறந்தது பெண். அந்தப் பள்ளத்துக்கு வேறு அர்த்தம் இருந்தது என்பது பிரசவம் முடிந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. குழந்தை தலைகீழாகத்தான் இருந்திருக்கிறது. ஆனால் அதன் முதுகு என் முதுகோடு ஒட்டி, கையும் காலும் முன்பக்கம் பார்த்து, முகம் என் வயிற்றுப் பக்கமாக இருந்திருக்கிறது. மல்லாந்து படுத்தால் குழந்தையும் மேலே பார்க்கும். டாக்டர்கள் இதை ஓ.பி. (ஆக்சிபுட் போஸ்டீரியர், அதாவது பின்மண்டை அம்மாவின் முதுகுப் பக்கம்) என்று சுருக்கிச் சொல்கிறார்கள்.

ஒன்பதாம் மாத ஸ்கேனில் "செஃபாலிக்" என்று போட்டிருந்தார்கள். தலை கீழே இருக்கிறது என்று அர்த்தம். எல்லோருக்கும் நிம்மதி. அந்த ஒரு வார்த்தை தலை எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைத்தான் சொல்லும், முகம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதைச் சொல்லாது. இதைத் தெரிந்துகொள்ள எனக்கு 21 மணி நேர வலி வேண்டியிருந்தது.

முகம் எங்கே பார்த்தால் என்ன, தலை வந்தால் போதாதா என்று நானும் நினைத்தேன். என் நாத்தனார் செவிலியர். பிறகு ஒருநாள் அவர் விளக்கியபோது எனக்கு என் தொழிலிலேயே பதில் கிடைத்தது. கழுத்து சின்னதாக வெட்டிய கவுனைக் குழந்தைக்குப் போடும்போது, மோவாய் நெஞ்சில் படும்படி அது தலையைக் குனிந்தால் உச்சி நுழைந்து துணி வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். முகத்தை நிமிர்த்தினால் நெற்றியில் மாட்டிக்கொள்ளும். பிரசவப் பாதையிலும் கிட்டத்தட்ட இதே கணக்குதான். குழந்தை அம்மாவின் முதுகைப் பார்த்து நன்றாகத் தலை குனிந்திருந்தால், வெளியே வரும் தலையின் குறுக்களவு சுமார் 9.5 சென்டிமீட்டர். முகம் முன்னால் பார்க்கும் குழந்தைக்குப் பெரும்பாலும் தலை சரியாகக் குனியாது, அப்போது அது 11.5 சென்டிமீட்டர் வரை போகும். ஒரு ஜாக்கெட்டில் இரண்டு சென்டிமீட்டர் என்றால் பிரித்துத் தைக்க வேண்டிய அளவு.

வலி எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நான் ஏமாந்தது அங்கேதான். கார்த்திகை மழை கொட்டிக்கொண்டிருந்த இரவு. எல்லோரும் சொல்லிக்கொடுத்தது வேறு: வயிறு இறுகும், வலி விட்டு விட்டு வரும், நடுவில் ஓய்வு கிடைக்கும். எனக்கு வயிறு இறுகியது, ஆனால் ஒழுங்கே இல்லை. பத்து நிமிஷத்தில் ஒன்று, அப்புறம் இருபது நிமிஷம் ஒன்றும் இல்லை, பிறகு அடுத்தடுத்து இரண்டு. வலி முழுக்கப் பின்னால், இடுப்புக்குக் கீழே, வால் எலும்புக்கு மேலே. வயிறு தளர்ந்த பிறகும் அது விடவில்லை. யாரோ உள்ளேயிருந்து எலும்பைத் திறந்துகொண்டு வருவது போல இருந்தது. அம்மா வழக்கப்படி சீரகக் கஷாயம் வைத்துக் கொடுத்தார், சூட்டு வலி என்றால் அடங்கும் என்று. கஷாயத்துக்கும் அடங்கவில்லை, பிரசவ வலி மாதிரி ஒழுங்காகவும் வரவில்லை. விடியற்காலை மூன்று மணிக்கு ஆட்டோ பிடித்துப் போனோம்.

அந்த நர்சிங் ஹோமில் அம்மாவை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். கட்டிலில் மல்லாந்து படுக்கச் சொன்னார்கள். ஒரு குழந்தையின் முழு பாரமும், அதன் மண்டையின் பின்பக்கமும் என் முதுகெலும்பின் அடியில் இறங்கிக் கிடக்கும்போது, நானும் மல்லாந்து கிடந்தேன். எதிர்ச் சுவரில் ஒரு டைல்ஸ் விரிசல், அதன் மேல் நுனியில் ஒரு பல்லி. அந்த விரிசலை இன்றைக்கும் என்னால் வரைந்து காட்ட முடியும். ஒருக்களித்துப் படுக்கப் பார்த்தால், "அசையாதம்மா" என்று அதட்டல். கர்ப்பப்பை வாய் மூன்று சென்டிமீட்டர் திறந்திருக்கிறது என்றார்கள். ஆறு மணி நேரம் கழித்தும் நான்குதான். டிரிப்ஸில் வலியைக் கூட்டும் மருந்து ஏற்றினார்கள்.

மதியத்துக்கு மேல் முக்க வேண்டும் என்ற உந்தல் அடக்க முடியாமல் வந்தது. கர்ப்பப்பை வாய் முழுசாகத் திறக்கவில்லை. "முக்காதே" என்றார்கள். எப்படி முக்காமல் இருப்பது என்று யாரும் சொல்லவில்லை. குழந்தையின் பின்மண்டை மலக்குடலை அழுத்துவதால் இப்படிக் கிடப்பவர்களுக்கு அந்த உந்தல் முன்கூட்டியே வரும் என்பதை நாத்தனார் சொல்லித்தான் அறிந்தேன். நான் அடங்காதவள் என்று அன்று எனக்கே என் மேல் வெறுப்பு.

கடைசிக் கட்டத்தில் ஓர் ஆயாம்மா முழங்கையை வைத்து என் வயிற்றின் மேல்பகுதியை அழுத்தினார். அப்போது டாக்டரம்மா உள்ளே வந்து அவர் கையைத் தள்ளிவிட்டது என் நினைவில் இருக்கிறது. கை வைத்துப் பார்த்துவிட்டு, "முகம் மேல பார்த்திருக்கே, யாரும் கவனிக்கலையா?" என்றார். கையை உள்ளே விட்டுத் தலையைத் திருப்பி, பிறகு வேக்குவம், அதாவது தலையில் பிடித்து இழுக்கும் உறிஞ்சு கப், வைத்து எடுத்தார். இரண்டு நிமிஷம். தையல் நிறைய. குழந்தையின் தலை சுரைக்காய் மாதிரி நீண்டு, உச்சியில் வேக்குவம் கப் பதிந்த இடம் வட்டமாக வீங்கியிருந்தது. அந்த வீக்கம் இரண்டு நாளில் போய்விட்டது, தலையும் சில நாட்களில் உருண்டுவிட்டது. அத்தை எண்ணெய் வைத்து அழுத்தி உருட்ட வந்தபோது நாத்தனார் தடுத்துவிட்டார். தானாகவே சரியாகிற தலையை, அதுவும் வேக்குவம் வைத்த தலையை, யாரும் அழுத்தக் கூடாது.

உடம்புக் காயம் ஆறிவிட்டது. ஆறாதது, வீட்டுக்கு வந்ததும் காதில் விழுந்த பேச்சு. "எழுந்து உட்கார்ந்து திரும்பிப் படுன்னு தலப்பாடா அடிச்சுக்கிட்டேன். புரண்டு புரண்டு படுத்தா, அதான் பிள்ளை மாறிடுச்சு." நம் ஊரில் கர்ப்பிணி படுத்தபடி புரண்டால் கொடி சுற்றிக்கொள்ளும், பிள்ளை மாறிவிடும் என்பார்கள். நான் அதை மாதக்கணக்கில் நம்பினேன். பாலூட்டும்போதெல்லாம் அந்த நீண்ட தலையை நினைத்து, என்னால்தானே என்று அழுதிருக்கிறேன். அது உண்மையில்லை. வலி தொடங்கும்போது ஏறக்குறைய ஐந்தில் ஒரு குழந்தை இப்படித்தான் கிடக்கிறது. அவற்றில் பெரும்பாலானவை வலியின்போதே தாமாகத் திரும்பி, பிறக்கும்போது நூற்றுக்கு ஐந்து அளவே மிஞ்சுகின்றன. இடுப்பெலும்பின் அமைப்பு, குழந்தை தலையை வைத்திருக்கும் விதம் என்று பல சேர்ந்து முடிவு செய்கிற விஷயம் அது. புரண்டு படுத்த பெண் மேல் அந்தப் பழியைப் போடாதீர்கள். அவள் ஏற்கனவே போதுமான அளவு வலித்திருக்கிறாள்.

2019-இல் இரண்டாவது குழந்தை. எட்டாம் மாதம் அதே பள்ளம், அதே மீன் துள்ளல். இந்த முறை நான் செக்கப்புக்குப் போகும்போது வாய் திறந்து கேட்டேன்: "முதுகு எந்தப் பக்கம் இருக்கு டாக்டர்?" வயிற்றைத் தடவிப் பார்த்து, பின்பக்கமாகத்தான் இருக்கிற மாதிரித் தெரிகிறது, அதற்காக இப்போது எதுவும் செய்ய வேண்டியதில்லை என்றார். ஆரம்பத்தில் எனக்குக் கோபம்கூட வந்தது. இப்போது யோசித்தால் அவர் சொன்னது சரி. வலி வருவதற்கு முன் குழந்தை எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பும். வயிற்றில் பள்ளம் இருப்பதும் முன்னால் உதைப்பதும்கூட உறுதியான அடையாளம் இல்லை. வலியின்போது ஸ்கேனில் பார்ப்பதுதான் துல்லியமானது.

குனிந்து தரையைத் துடை, பிள்ளை நேராகும் என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. 1990-களில் நியூசிலாந்தில் ஜீன் சட்டன் என்ற மருத்துவச்சியும் பாலின் ஸ்காட் என்பவரும் சேர்ந்து கிட்டத்தட்ட இதையேதான் சொன்னார்கள்: முன்னால் சாய்ந்து உட்காருங்கள், மண்டியிட்டுக் கையூன்றி நில்லுங்கள் என்று. உலகம் முழுக்கக் கர்ப்பிணிகளிடம் அது பரவியது. ஆனால் ஆஸ்திரேலியாவில் 2,500-க்கும் மேற்பட்ட பெண்களிடம் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 37 வாரத்திலிருந்து தினமும் இரண்டு வேளை, பத்துப் பத்து நிமிஷம் கையூன்றி மண்டியிட்டு இடுப்பை அசைத்தவர்களுக்கும், அப்படிச் செய்யாதவர்களுக்கும், பிறக்கும்போது குழந்தை மாறியிருந்த அளவில் வித்தியாசம் இல்லை. 2004-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. ஆகவே, தரை துடைக்காததால் பிள்ளை மாறியது என்று எந்தப் பெண்ணையும் யாரும் சொல்ல முடியாது. நான் தினமும் மண்டியிட்டேன், அது முதுகுக்கு இதமாக இருந்தது என்ற ஒரே காரணத்துக்காக. மெஷினில் நான்கு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்து, பாயில் மண்டியிட்டு வயிறு கீழே தொங்கும்படி ஐந்து நிமிஷம் இருந்தால், முதுகிலிருந்து ஒரு மூட்டை இறங்கிய மாதிரி இருக்கும்.

இரண்டாவது முறை அரசு மருத்துவமனைக்குப் போனேன். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பிரசவ அறைக்குள் பெண் துணை ஒருவரை அனுமதிக்கும் திட்டம் 2004-லிருந்தே இருக்கிறது. பலருக்கு இது தெரிவதில்லை, அதனால் கேட்பதும் இல்லை. கேளுங்கள். அம்மா உள்ளே வந்தார். அது ஒன்றே பாதி வலியைக் குறைத்தது என்று நான் சொன்னால் மிகையில்லை.

வலி அதே மாதிரிதான் வந்தது, பின்னால். ஆனால் இந்த முறை அதன் பெயர் எனக்குத் தெரியும். நாத்தனார் முன்பே அம்மாவுக்குப் பாடம் எடுத்திருந்தார். இடுப்புக்குக் கீழே, முதுகின் அடியில் இரண்டு பக்கமும் சின்னக் குழி தெரியும் இல்லையா, அந்தக் குழிகளுக்கு நடுவில் இருக்கும் தட்டையான எலும்பில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, வலி ஏறும்போது அழுத்த வேண்டும். தடவுவது இல்லை, அழுத்துவது. சுவரைத் தள்ளுகிற மாதிரி, உடம்பின் பாரத்தைக் கொடுத்து. வலி இறங்கும்வரை கையை எடுக்கக் கூடாது. எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்பதை வலிக்கிறவள்தான் சொல்ல வேண்டும். நான் "இன்னும், இன்னும்" என்று கத்தினேன். அம்மாவுக்கு மறுநாள் மணிக்கட்டு வீங்கிவிட்டது. வீட்டில் சுடுதண்ணீர்ப் பை இல்லாததால் ஒரு பிளாஸ்க்கில் வெந்நீர் கொண்டு போயிருந்தோம். துண்டை நனைத்துப் பிழிந்து, அம்மா தன் முன்கையில் வைத்துச் சூடு பார்த்துவிட்டு, அதே இடத்தில் வைப்பார். எனக்கு உயிர் வந்த மாதிரி இருக்கும்.

கட்டிலில் படுக்கவில்லை. அங்கிருந்த சிஸ்டரிடம், "மல்லாந்து படுத்தா தாங்க முடியல சிஸ்டர், மண்டி போட்டுக்கட்டுமா?" என்று கேட்டேன். அவர் ஒரு நொடி யோசித்து, "குழந்தை துடிப்பு நல்லாருக்கு, போட்டுக்கம்மா. நான் வந்து வந்து பார்க்கிறேன்" என்றார். தரையில் போர்வையை நாலாக மடித்துப் போட்டு, முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்து, கட்டிலின் மேல் கையை மடக்கித் தலை சாய்த்துக்கொண்டேன். முழங்கால் மரத்துப் போனால் இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தேன், கால்களுக்கு நடுவில் இன்னொரு தலையணை. பிறகு மெதுவாக நடை. மறுபடி மண்டி. இப்படி இருந்தால் குழந்தை கட்டாயம் திரும்பும் என்று சொல்ல மாட்டேன், ஆராய்ச்சியும் அப்படிச் சொல்லவில்லை. முதுகு வலி குறையும். எனக்குக் குறைந்தது. சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் தலை இறங்க இடைஞ்சல் என்பதால் அம்மா என்னை அடிக்கடி எழுப்பிப் பாத்ரூமுக்குக் கூட்டிப் போனார். நடுவில் மோரும் இளநீரும்.

முக்க வேண்டிய உந்தல் இந்த முறையும் சீக்கிரமே வந்தது. எட்டு சென்டிமீட்டர்தான் திறந்திருந்தது. சிஸ்டர் என் முகத்துக்கு நேராக உட்கார்ந்து, "விளக்க ஊதுற மாதிரி ஊது, ஃபூ ஃபூன்னு" என்று தானும் சேர்ந்து ஊதினார். வாயைக் குவித்து ஊதிக்கொண்டிருக்கும்போது முக்க முடியாது. நான்கு வருஷத்துக்கு முன் எனக்கு யாராவது சொல்லித் தந்திருக்க வேண்டிய விஷயம் இவ்வளவுதான். கொஞ்ச நேரம் மார்பு தரையை ஒட்டும்படி குனிந்து, பின்பக்கத்தைத் தூக்கி வைத்தும் இருந்தேன். தலை அழுத்துவது லேசாகி, உந்தல் தணிந்தது.

பிறகு ஒரு வலியில், உள்ளே ஏதோ பெரிதாகப் புரண்டது. வலி பின்னாலிருந்து முன்னால் வந்துவிட்டது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், முதுகு வலி அந்த நிமிஷத்தில் நின்றது. நான் அழ ஆரம்பித்துவிட்டேன், அம்மா பயந்துவிட்டார். சிஸ்டர் கை வைத்துப் பார்த்துவிட்டு, "திரும்பிட்டாம்மா" என்றார். அடுத்த அரை மணியில் மகன் பிறந்தான், குப்புறப் பார்த்தபடி. மொத்தம் 11 மணி நேரம். இரண்டாவது பிரசவம் என்பதாலும் சீக்கிரம் முடிந்திருக்கும். என் சாமர்த்தியம் என்று இதைச் சொல்லவில்லை. அவன் திரும்பாமலே இருந்திருந்தால் மறுபடி கையால் திருப்பியோ, வேக்குவமோ, ஆபரேஷனோ நடந்திருக்கும். முகம் மேலே பார்த்தபடியே சுகமாகப் பிறக்கும் குழந்தைகளும் உண்டு. அதில் எதுவுமே தோல்வி இல்லை. வலி தாங்காமல் முதுகில் ஊசி கேட்பதும் தோல்வி இல்லை.

என் சித்தி மகளுக்கு வேறு கதை. அவளுடையது கால் கீழே இருந்த குழந்தை, பிரீச். மாதம் நிறைந்த கர்ப்பங்களில் நூற்றுக்கு மூன்று நான்கு இப்படி இருக்கும். அவளுக்கு ஊரிலேயே ஒரு பாட்டி, விளக்கெண்ணெய் தடவி வயிற்றைப் பிடித்துத் திருப்பிவிடுகிறேன் என்று வந்துவிட்டார். தயவுசெய்து இதை யாரும் அனுமதிக்காதீர்கள். நஞ்சுக்கொடி பிரிந்து ரத்தம் கொட்டலாம், குழந்தையின் துடிப்பு இறங்கலாம். வயிற்றின் மேல் கை வைத்துக் குழந்தையைத் திருப்பும் முறை மருத்துவத்திலேயே இருக்கிறது, 36, 37 வாரத்தில் செய்வார்கள். ஆனால் அதை ஸ்கேன் பார்த்து, துடிப்பைக் கவனித்து, ஆபரேஷன் தியேட்டர் தயாராக இருக்கும் இடத்தில் செய்வார்கள். சுமார் பாதிப் பேருக்குப் பலிக்கும். அவளுக்குப் பலிக்கவில்லை, ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். குறுக்கே கிடக்கும் குழந்தை அப்படியே இருந்தால் அதற்கும் ஆபரேஷன்தான் வழி. அதில் பேரம் பேச ஒன்றும் இல்லை. பிரசவ நேரத்தில் வயிற்றின் மேல்பகுதியை அழுத்தித் தள்ளுவதையும் உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட பரிந்துரைகளில் கூடாது என்றே சொல்லியிருக்கிறது. அந்த ஆயாம்மாவின் முழங்கையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அது ஞாபகம் வரும்.

குழந்தை காலோ குறுக்கோ என்று தெரிந்தவர்களும், தலை இன்னும் இறங்கவில்லை என்று சொல்லப்பட்டவர்களும் பனிக்குடம் உடைந்தால் ஒரு நிமிஷமும் காத்திருக்கக் கூடாது. தண்ணீரோடு தொப்புள்கொடி கீழே வந்துவிடும் ஆபத்து அவர்களுக்கு அதிகம். கொடி கையில் தட்டுப்பட்டால் அதைத் தொட்டுத் தள்ளாமல், உடனே 108-ஐக் கூப்பிட்டுவிட்டு, மண்டியிட்டு மார்பைத் தரையில் வைத்து, பின்பக்கத்தைத் தூக்கி வைத்திருக்க வேண்டும். தண்ணீர் பச்சையாக வந்தாலும், ரத்தம் போனாலும், அசைவு குறைந்தாலும் முகம் எந்தப் பக்கம் என்று யோசித்துக்கொண்டிருக்க நேரமில்லை, கிளம்ப வேண்டும்.

இப்போது கடைக்கு வரும் கர்ப்பிணிகளுக்கு நான் முன்பக்கம் திறப்பு வைத்த, பின்னால் முடிச்சு எளிதாக அவிழும் நைட்டி தைத்துத் தருகிறேன். மண்டியிட்டால் முழங்காலில் சிக்காத நீளம். போன வாரம் ஒரு பெண் தன் அம்மாவோடு வந்திருந்தாள், எட்டாம் மாதம். நைட்டியைப் போட்டுப் பார்க்கும்போது தொப்புள் பக்கம் துணி உள்ளே மடிந்தது. நான் பள்ளத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அளவு சரிபார்க்கிற சாக்கில் அவளைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு, அவள் அம்மாவின் கையைப் பிடித்து அந்த இரண்டு குழிகளுக்கு நடுவில் வைத்தேன். "இந்த இடம்தாம்மா. வலி வரும்போது இங்க நல்லா அழுத்துங்க. அவ போதும்னு சொல்ற வரைக்கும் கையை எடுக்காதீங்க."